பன்னிரண்டு அங்குலம்

"என் பேரெல்லாம் வேண்டாம் சார். 'பன்னிரண்டு அங்குலம்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, போதும்."

கேரத் என்ற அந்தத் தபால்காரர் நீட்டிய புத்தகம் முனை மழுங்கி, தேநீர்க் கறை படிந்திருந்தது. ரோலண்ட் ஹாலம் எழுதிய முதல் விதிப்புத்தகம். 1985-இல் வந்தது. ஈயச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டி, நாடாவால் அளந்து போர் ஆடுகிறவர்களுக்கு அதுதான் வேதம்.

நாட்டிங்ஹாம் விளையாட்டரங்கில் ஐம்பது மேசைகளில் போர் நடந்துகொண்டிருந்தது. வெளியே மழை. உள்ளே நனைந்த கோட்டுகளின் நாற்றம்.

"ஒரு படை ஓடினா, பன்னிரண்டு அங்குலத்துக்குள்ள நிக்கிற நம்ம படை அத்தனையும் நிலைக்குமா ஓடுமான்னு பகடை போட்டுப் பாக்கணும். பயத்தைத் தொத்து வியாதி ஆக்கிட்டீங்களே! வேற யாருக்கு சார் இது தோணும்?"

ரோலண்ட் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? மொத மூணு புத்தகமும் தங்கம். நாலாவதுல இருந்து ஏன் சார் சப்புனு ஆயிடுச்சு? மச்சானை விட்டு எழுதச் சொல்லிட்டீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரோலண்டும் சிரித்தார். பல வருடங்களாக இந்தக் கேள்விக்கு அவர் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். நாலு முதல் பதினொன்று வரை எட்டுப் புத்தகங்கள். விற்காத கட்டுகள் அவர் கார் கொட்டகையில் பூசணம் பிடித்துக் கிடந்தன.

மறுநாள் மதியம் இதே அரங்கில் அவருக்கு வாழ்நாள் விருது. வாழ்நாள் என்று அவர்கள் சும்மா சொன்னார்கள். டாக்டரோ கிறிஸ்துமஸைத் தாண்டி எதுவும் பேசவில்லை. அதனால்தான் ரோலண்ட் மேடையில் உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்திருந்தார். சட்டைப் பையில் பழுத்துப்போன துண்டுச் சீட்டு ஒன்று இருந்தது. ஆனால், அதைப் படிப்பதற்கு முன் ஒருவரைப் பார்க்க வேண்டும்.

மாலையில் டிராம் பிடித்து, பக்கத்துச் சுரங்க ஊரான ஹக்னாலுக்குப் போனார்.

மேவிஸுக்கு எண்பத்திரண்டு வயது. முதல் மூன்று புத்தகங்களையும் அவர் கையெழுத்துப் பிரதியிலிருந்து தட்டச்சு செய்தவள். சுரங்கத் தொழிலாளியான கணவன் ஆர்தர் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது.

"அட, ரோலண்டா! உள்ள வாங்க கண்ணு. என்ன இப்படித் துரும்பா இளைச்சுட்டீங்க?"

சமையலறை மேசையில் தேநீர் வைத்தாள். ரோலண்ட் துண்டுச் சீட்டை எடுத்து அவள் முன் தள்ளினார்.

'பிழைத்திருத்தம். பக்கம் 14: பன்னிரண்டு அங்குலம் என்பதை இரண்டு அங்குலம் எனத் திருத்தி வாசிக்கவும்.'

"நான் ரெண்டுன்னுதான் எழுதினேன் மேவிஸ். தட்டச்சுல பன்னிரண்டு ஆயிடுச்சு. இதை அச்சடிக்கக் குடுக்கிறதுக்குள்ள, ஆஹா ஓஹோன்னு கடுதாசி வந்து குவிஞ்சுது. வாயை மூடிக்கிட்டேன். நாளைக்குச் சொல்லப் போறேன். உங்க பேரை எடுக்க மாட்டேன். ஆனா தட்டச்சு யாருன்னு புத்தகத்துலயே இருக்கு. யாராச்சும் உங்களைக் கேலி பேசினா..."

மேவிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் படித்தாள்.

"இதையா நாப்பது வருஷமா சுமந்துக்கிட்டுத் திரியறீங்க? இது பிழை இல்ல கண்ணு. நான்தான் மாத்தினேன்."

ரோலண்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி நானும் ஆர்தரும் இதே மேசையில ஆடிப் பாப்போம். சிப்பாய்க்குப் பதிலா சட்டைப் பொத்தான். உங்க ரெண்டு அங்குலத்துல ஒருத்தன் ஓடினா, அடுத்தவன் கொட்டாவி விட்டுக்கிட்டு நின்னான். அப்ப சுரங்க ஸ்டிரைக் முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. ஸ்டிரைக் நடந்தப்ப எங்க தெருவுல ஒருத்தன் பயந்துபோய் வேலைக்குத் திரும்பினான். ஒரே வாரத்துல தெருவே திரும்பிடுச்சு. ஆர்தர் மட்டும் கடைசி வரைக்கும் நின்னாரு. 'பயம் ரெண்டு அங்குலத்துல நிக்குமாடி? உன் எழுத்தாளர் தெருவுல இறங்கியே பாத்ததில்ல போல'ன்னாரு. உங்ககிட்ட சொன்னா மூஞ்சியைத் தூக்கிக்குவீங்க. அதான் சொல்லாம அடிச்சுட்டேன்."

அரங்கில் கேரத் கேட்டது ரோலண்டுக்கு நினைவுக்கு வந்தது. வேற யாருக்கு சார் இது தோணும்?

தேநீரில் ஆடை படிந்தது. பிறகு சீட்டை எடுத்து நாலாக மடித்தார்.

"போகட்டும். அச்சானதை நான் திரும்பப் படிக்கிற வழக்கமே இல்ல. இதுகூட கிளப்புல ஒருத்தன் சொல்லித்தான் தெரிஞ்சுது. ஒரே ஒரு எண்ணுதானே மேவிஸ்? மத்ததெல்லாம் என்னோடது. அந்த மூணு புத்தகமும் என்னோடது. அதையும் சேர்த்தே நாளைக்குச் சொல்லிடறேன்."

மேவிஸ் கண்ணாடியைக் கழற்றி சமையல் மேலங்கியின் நுனியில் துடைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாலாவது புத்தகத்துக்கு நீங்க கம்ப்யூட்டர் வாங்கி நீங்களே அடிச்சுக்க ஆரம்பிச்சுட்டீங்க. ஆர்தருக்கு ரொம்ப வருத்தம்," என்றாள். "அதுக்கு முந்தின மூணுலயும் இந்த ஒண்ணைத்தானா கண்டுபிடிச்சீங்க?"