காலை மாத்திரை

டப்பாவைத் திறந்த நாகம்மாள் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

குளிக்கிற மறைப்பில் மக்கிப்போன கீற்றை உருவிவிட்டுப் புதுசு செருகிக்கொண்டிருந்தாள். இடுக்கிலிருந்து பழைய பல்பொடி டப்பா ஒன்று விழுந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள். எச்சில் பட்டு உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

புருஷன் கஜபதி குடியை விடுவதற்காகப் பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை.

"இது உள்ளே இருக்கும்போது ஒரு மடக்கு சாராயம் போனாலும் ஆளைப் புரட்டி எடுத்துவிடும். அவன் கையில் கொடுக்காதே. தினம் காலையில் நீயே வாயில் போடு" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆறு மாதமாக அப்படித்தான் செய்தாள். முகவாயைப் பிடித்து நிமிர்த்துவாள். நாக்கில் மாத்திரையை வைத்துச் சொம்பைச் சாய்ப்பாள். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து மிஷின் ஓட்டுகிற ஆம்பளை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நிற்பான்.

கடைவாயில் ஒரு பல் விழுந்த பள்ளம் இருப்பதை மகராசி மறந்துபோனாள்! குடித்துவிட்டு எவனோடோ கட்டிப்புரண்டு உடைத்துக்கொண்ட பல் அது.

அந்த ஒரு நேரம் தவிர அவன் பக்கம் அவள் போவதில்லை. வாங்கிய அடி உடம்பில் ஆறிவிட்டது, மனசில் ஆறவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் வாசலில் படுப்பான். இவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

ஆனாலும் ஆசை விட்டதா? கல்யாணமான புதுசில் வாடகை சைக்கிளில் உட்காரவைத்து மாங்காட்டுக்கு அழைத்துப்போனானே, அந்தக் கஜபதி திரும்பி வரமாட்டானா என்று ஏங்கித்தான் கிடந்தாள். வந்துவிட்ட மாதிரியும் இருந்தது. கிட்டே போகத்தான் பயம். மாத்திரை அல்லவா அவனைக் கட்டிவைத்திருக்கிறது? அது நின்றால் அறுத்துக்கொண்ட மாடுதான்.

இன்று காலையோடு அது நின்றது. ஆறு மாதம் போதும், இனிமேல் அவனே பார்த்துக்கொள்வான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு மாதத்துக்குக் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். நடக்கவில்லை.

கடைசியில் இந்த டப்பா!

சர்க்காரே சாராயக்கடையைத் திறந்துவிட்ட வருஷம். பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வருவதற்குள் இரண்டு கடை. மாத்திரை வயிற்றுக்குள் போகவே இல்லை என்றால் இவன் இத்தனை நாளும் என்னதான் செய்தான்? கொடியில் கிடந்த அவன் சட்டையை இழுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். எண்ணெய் வாசம், இரும்பு வாசம். அந்த நாற்றம் இல்லை. அவள் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கஜபதி வந்தான். நடையில் தள்ளாட்டம் இல்லை. டப்பாவை அவன் காலடியில் வைத்தாள்.

"இன்னாய்யா இது?"

அவனுக்கு முகம் செத்துப்போயிற்று.

"மொத வாரம் முழுங்கினேன் நாகு. தலை கிறுகிறுன்னு சுத்திச்சு. மிஷின்ல கை பூடும்னு பயந்துகினு, அப்பாலேர்ந்து துப்பிட்டேன். ஆனா சொட்டு தொடல. ஆத்தா மேல சத்தியமா தொடல."

சத்தியம் செய்யாமலே அவள் நம்பியிருப்பாள். ஆறு மாதம்! மருந்து இல்லை, மாயம் இல்லை. வெறும் மனுஷன் இரண்டு கடையைத் தாண்டித் தினமும் வீட்டுக்கு வந்திருக்கிறான். ஆனாலும் கோபமாகவே கேட்டாள்.

"அப்போ தெனம் காலைல இன்னாத்துக்கு எம்முன்னாடி வாயத் தொறந்துகினு நின்னே?"

கஜபதி தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பதானே நீ என்னாண்ட வர்றே. நாளைலேர்ந்து அதுவும் கெடயாதுன்னுட்டாங்களே."