முப்பது பலூன்

"அடிப்பாவி! நெஞ்சைக் கிழிச்சு ஆபரேஷன் பண்ணின மனுஷனை உட்கார வெச்சு வேலை வாங்குறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

ஜீயபுரத்திலிருந்து வந்த மாரியாயி, கையிலிருந்த வாழைப்பழச் சீப்பைக் கீழே வைக்கக்கூட இல்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

உள்ளே அவள் தம்பி வீரமலை, கன்னம் புடைக்க ஒரு பச்சைப் பலூனை ஊதிக்கொண்டிருந்தான். புற்றுநோய் என்று மெட்ராஸில் ஒரு பக்கத்து நுரையீரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். வீடு திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது.

"ஸ்ரீரங்கத்துல ஏகாதசிக் கூட்டம், அண்ணி. கடைக்காரரு தினம் முப்பது பலூன் கேக்குறாருங்க" என்றாள் அவன் மனைவி சந்திரம்மாள்.

"நீ ஊதேன்டி! உனக்கு வாயில்லையா?"

சந்திரம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, ஊதி முடித்த பலூனின் வாயை நூலால் கட்டினாள்.

"நாளைக்குக் காலையில வண்டி கட்டிக்கிட்டு வரேன். தம்பி எங்க வீட்டுல ரெண்டு மாசம் நிம்மதியாப் படுத்துக் கிடக்கட்டும். ஒரு துரும்பைக்கூட அசைக்க விடமாட்டேன்!"

சந்திரம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது. பலூன்களைக் கொத்தாக அள்ளிக்கொண்டு, "தெருக்கோடியில கடைக்காரரோட ஆளு நிப்பாரு. குடுத்துட்டு வந்துடறேங்க" என்று கிளம்பினாள்.

மாரியாயி விடுவாளா? பின்னாலேயே போனாள்.

தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஆளும் இல்லை, கடையும் இல்லை. சந்திரம்மாள் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பலூனாக நூலைப் பிரித்துக் காற்றை இறக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி கூத்து இது?"

சந்திரம்மாள் அழுதேவிட்டாள்.

"மெட்ராஸ் டாக்டருதாங்க அண்ணி ஊதச் சொன்னாரு. படுத்தே கிடந்தா சளி கட்டிக்குமாம். மிச்சமிருக்கிற நுரையீரல் நல்லா விரிஞ்சாத்தான் பொழைப்பாராம். இவரு, 'நான் என்ன பச்சப்புள்ளையா'ன்னு பலூனைத் தூக்கி எறிஞ்சிட்டாரு. இருபது வருஷம் ரைஸ் மில்லுல மூட்டை தூக்கினவரு. வேலைன்னா தட்டமாட்டாரேன்னு, கடை ஆர்டர்னு பொய் சொன்னேன். ஆரம்பத்துல ரெண்டு ஊதுறதுக்குள்ளயே மூச்சு வாங்கும். இப்ப முப்பதும் ஊதிடறாரு. அவருக்குப் பீடி நெனப்பே வரலைங்க. தினம் புதுசு வாங்க முடியுமா? அதான், அதையே மறுபடியும்..."

மாரியாயிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு பலூனை எடுத்து நூலைப் பிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சந்திரம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மாரியாயி தம்பியிடம் வந்தாள்.

"வண்டியெல்லாம் வேண்டாம்ப்பா. நீ இங்கேயே இருந்து உன் வேலையைப் பாரு."

வீரமலை அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அந்தக் கொத்துல மஞ்ச பலூன் ஒண்ணு, வாய்கிட்ட கறுப்புப் புள்ளியோட இருந்துச்சே, பாத்தியா?"

"ஏம்ப்பா?"

"பன்னண்டு நாளா அதையேதான் ஊதுறேன். அவகிட்ட சொல்லிடாதக்கா, ஆர்டர் நின்னு போயிடும்!"