போஸ்டருக்கு ஒரு முகம்

கம்பெனி சார்பில் எந்த நற்பணிக்கு உதவுவது என்று கூட்டம் நடந்தது. தெருநாய், மரம், கண்தானம் எல்லாவற்றையும் மேனேஜர் ஒதுக்கினார். "எல்லாரும் செஞ்சு சலிச்சதும்மா. புதுசா சொல்லு."

விளம்பரப் பிரிவுப் பெண் சொன்னாள். "வேலை போனவங்களுக்கு உதவலாம் சார். போஸ்டர்ல நடிகை வேண்டாம். நிஜமாவே வேலை போனவங்க முகத்தைப் போட்டா, பாக்கறவங்க மனசு உருகிடும்."

"பிரமாதம்!" மேனேஜர் உடனே முதலாளிக்கு போன் போட்டார். அவருக்கும் பிடித்துப்போயிற்று. பதவி உயர்வு நிச்சயம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மதியமே போட்டோகிராபர் வந்துவிட்டார்.

"வேலை போனவங்க யாரும் வரலையே சார்?" என்று அவள் மேனேஜரிடம் கேட்டாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "வெளியில தேடினா வீண் செலவு. எப்படியும் ஆளைக் குறைக்கணும்னு முதலாளி சொல்லிட்டிருந்தார். நாளையிலேருந்து நீ வரவேண்டாம்மா."

அவள் மேனேஜரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

"அசையாதீங்க மேடம்," என்றார் போட்டோகிராபர். "முகம் ரொம்ப இயல்பா இருக்கு."