நெஞ்சுவலி உண்டா?

சூஸ் நகரில் அந்த வாரம் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால், "உங்க உடம்பைப் பத்திச் சில கேள்வி கேக்கணும்" என்று கோப்பும் கையுமாக வந்து நின்ற பெண்ணை, ஓய்வுபெற்ற ஆசிரியர் மோன்ஜி உடனே உள்ளே அழைத்தார். மனைவி இறந்து ஆறு வருஷமாகத் தனியாக இருப்பவருக்குப் பேச ஆள் கிடைத்ததே பெரிது.

"வயசு?"

"அறுபத்தொண்ணு."

"இந்த வயசுல ஆளை அதிகமா கொண்டுபோறது மாரடைப்புதான். நெஞ்சுவலி உண்டா?"

"மாடி ஏறினா மூச்சு வாங்கும். வலி இல்ல."

"சர்க்கரை?"

"டீயில மூணு ஸ்பூன்."

"ரத்தத்துல கேட்டேன்."

"அது கொஞ்சம்தாம்மா."

"சிகரெட்?"

மோன்ஜி ஜன்னல் பக்கம் பார்த்தார். "தினம் எட்டு. என் தங்கச்சிக்குத் தெரியாது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்.

"என்னை இப்படி மிரட்டுறியே, உன் வயசுக்காரங்க சாகறதே இல்லையா?"

"எங்களுக்கு சாலை விபத்து. அதான் நடந்தே வந்தேன்."

"கெட்டிக்காரிதான். எந்த ஆபீஸ்மா நீ?"

"ஆபீஸ் எல்லாம் இல்லைங்க. உங்களுக்காக உங்க தங்கச்சி போன வாரம் சல்வாங்கிறவங்களைப் பொண்ணு கேட்டு வந்தாங்களே, நான் அவங்க மக."

மோன்ஜி அவசரமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவள் தொடர்ந்தாள்.

"அப்பா மாரடைப்புல போனார். இன்னொருத்தரையும் அப்படிப் பறிகொடுக்க அம்மாவுக்குத் தெம்பு இல்ல. 'மனுஷரை எனக்குப் பிடிச்சிருக்கு, எத்தனை வருஷம் தாங்குவார்னு மட்டும் பார்த்துட்டு வா'ன்னு அனுப்பினாங்க."

மோன்ஜியின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதையும் எழுதிவிடுவாளோ என்று பயந்து, அவர் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்.