ரெண்டு

மஞ்சப்பையிலிருந்த மீன் நாற ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் வாசலில் நின்றிருந்த அங்கமுத்து, பையைக் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்தான்.

"யாருய்யா இங்க மீனு கொண்டாந்தது?" என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் மூக்கைப் பிடித்தபடி போனாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவனுக்குக் கனம் பையில் இருந்தது. இரண்டே இரண்டு ஜிலேபி மீன்.

உள்ளே ரஞ்சித்குமார் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தான். காலையில் மனைவி நிவேதாவோடு சென்னையிலிருந்து காரில் வந்து, காட்டூர் தருமலிங்கத்தின் மீன் ஏரியில் சந்தோஷமாகத் தூண்டில் போட்டவன். மத்தியானம் அதே தண்ணீரில் முழுகிப்போனான்.

தருமலிங்கம் பரம்பரை நெல் விவசாயி. வயலுக்குப் பக்கத்து ஓடையை மறித்துக் கரை போட்டு, மீன் குஞ்சு விட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜனங்களை டிக்கெட் வாங்கி வரவைத்த சாமர்த்தியசாலி. ஆனால் தண்ணீர் என்றால் அவருக்கு வரப்பு நனைகிற அளவுதான் தெரியும். அதனால் தோணிரேவுக் குப்பத்து மீனவனான அங்கமுத்துவைப் பிடித்து, கழுத்தில் ஒரு விசிலை மாட்டி, காவலுக்கு உட்கார வைத்தார்.

காவல்காரனுக்கு ஒரே வேலை, கரையை விட்டு நகராமல் இருப்பது. அங்கமுத்து நகர்ந்தான். மதகு ஓரம் முதலாளிக்குத் தெரியாமல் ஒரு துண்டு வலை கட்டி வைத்திருந்தான். வீட்டுக் குழம்புக்காக அதில் மாட்டியதை எடுக்கப் போனான். கடலில் வலை வீசியவன் குட்டையில் திருடினான் என்று தெரிந்தால் ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கும்.

நிவேதாவின் அலறல் கேட்டு ஓடிவந்து குதித்தபோது தலைகூடத் தெரியவில்லை. இரண்டு முறை முங்கியும் ஆள் சிக்கவில்லை. மூன்றாவது முறைதான் தலைமுடி கையில் அகப்பட்டது.

போன் அடித்தது. முதலாளி.

"யாரு கேட்டாலும் கரையிலதான் இருந்தேன்னு சொல்லு அங்கமுத்து. கேசு கீசுன்னு ஆச்சுன்னா ஏரிய மூட வேண்டியதுதான், உனக்கும் வேல கெடையாது. இன்னா, புரியுதா?"

"சரிங்க மொதலாளி."

வாய் சரியென்றது. நெஞ்சு சரியென்று சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. அந்த ஏரியில் தான் ஒழுங்காகச் செய்த ஒரு காரியமாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றே ஒன்று உண்டு. அந்தப் பலகை.

ஏரி திறப்பதற்கு முந்தின நாள், படகில் போய்க் கயிற்றில் கல் கட்டி இறக்கினான். கல் தரை தட்டியதும் கயிற்றை இழுத்து, நனைந்த நீளத்தை இரண்டு கைகளையும் அகல விரித்து அளந்தான். படகில் நின்றபடியே "ரெண்டு!" என்று கத்தினான். கரையில் நின்ற முதலாளி அதைத் தகரப் பலகையில் சிவப்புப் பெயின்டால் எழுதி, அந்த இடத்துக்கு நேராக நட்டு வைத்தார். அங்கமுத்துவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் வாராவாரம் அந்தப் பலகையைத் துண்டால் துடைத்து வைப்பான். அதைப் பார்த்தவன் எவனும் தண்ணீரில் கால் வைக்கமாட்டான் என்று அவனுக்கு அத்தனை நம்பிக்கை.

கதவு திறந்தது. நிவேதா ஓடிவந்தாள்.

"கண்ணு முழிச்சிட்டாருண்ணா! இனிமே பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு." சொல்லிக்கொண்டே அவனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"என்னைப் போய்க் கும்புடாதம்மா. நான் கரையில இல்ல. இத்த எடுக்கப் போய்ட்டேன்." பையை விரித்துக் காட்டினான். "திருட்டு மீனு. நான் அங்கயே குந்தினு இருந்தா, அவரு கால வைக்கும்போதே விசில் ஊதியிருப்பேன்."

வேலை போனாலும் போகட்டும் என்று தலையைக் குனிந்து நின்றான். நிவேதா மீனைப் பார்த்தாள், இன்னும் ஈரம் காயாத அவன் சட்டையைப் பார்த்தாள்.

"இதுக்காகவா இவ்ளோ நேரம் இப்படி நிக்கிறீங்க? நீங்க குதிக்கலன்னா அவரு இன்னிக்கி இல்லண்ணா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அங்கமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ எடுத்து அப்பால் போட்ட மாதிரி இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உரிமையோடு ஒரு வார்த்தை கேட்டுவைத்தான்.

"ஆனா அவரு செஞ்சதும் தப்புதாம்மா. தூண்டி முள்ளு மாட்டிக்கிச்சுன்னா அறுத்து வுட்டுட்டுப் போறது. நீச்சல் தெரியாதவரு இன்னாத்துக்கு எறங்கணும்? பக்கத்துலயே பலகை கீதே, ஆழம் ரெண்டு பாகம்னு! நானே அளந்து சொல்லி எழுதினது."

"பாகம்னா?"

அவன் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினான். "தோ, இது ஒரு பாகம். இதுமாதிரி ரெண்டு. ரெண்டாள் ஒசரம் முழுகிடும். அத்தப் படிச்சவன் எவனாவது எறங்குவானாம்மா?"

விரிந்த கைகளை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை பார்த்த நிவேதாவின் முகம் வெளுத்தது.

"படிச்சிட்டுதாண்ணா எறங்கினாரு... 'ஆழம் ரெண்டு அடி'ன்னு போட்டிருக்கு!"