முள் மீட்டர்

காற்று வலுத்திருந்தது. கடலுக்குப் போன ஏழு படகுகளில் ஒன்றின் குரலும் கரை வயர்லெஸில் தெளியவில்லை. மெக்கானிக் ஜெனோவா சிக்னலைக் கூட்டும் காயிலைத் திருகத் திருக, டிஜிட்டல் மீட்டரில் எண்கள் தாவின. ஓர் எண் நிலைப்பதற்குள் சிக்னலின் உச்சம் கடந்துபோனது.

"பாயிண்டுக்குப் பொறவு மூணு எண் காட்டுதே, இன்னும் என்ன வேணும்?" என்றார் அதை வாங்கிப்போட்ட சங்கச் செயலாளர் தொம்மை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதம் பறக்காமலிருக்க அவர் மேசையில் வைத்திருந்த பழைய முள் மீட்டரைப் பிடுங்கி வந்து மாட்டினாள். கடைக்கண்ணில் முள்ளைப் பார்த்தபடியே திருகினாள். ஏறிய முள் சரியத் தொடங்கியதும் காயிலைக் கால் சுற்று பின்னுக்குத் திருப்பினாள்.

"எஞ்சின் நின்னுபோச்சு, அப்பா..."

வயர்லெஸில் தெளிந்தது, கடலுக்குப் போயிருந்த தொம்மையின் மகன் குரல். அவர் மைக்குக்குக் கை நீட்டினார். அந்தக் கையில் டிஜிட்டல் மீட்டரைத் திணித்தாள்.

"மொதல்ல இதுல என்ன எண் வருதுன்னு வாசியும்."