பழுப்புக் கோடு

சின்ன மருமகளைத் திருடி என்றாள் பெரிய மருமகள். தனியாகக் கூப்பிட்டு அல்ல. விடுமுறை நாளில் இரண்டு குடும்பமும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, மாமியாரின் கறுப்பு மணிமாலையைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள்.

"இது அத்தையோட மாலையே இல்ல. அசலை எடுத்துட்டு, கண்ணாடி மணியைக் கோத்து வச்சிருக்கா."

அலமாரிச் சாவி சின்னவள் பொறுப்பில். வேறு சாட்சி எதற்கு?

சாவி ஆணியில்தான் தொங்குகிறது, வருகிறவர் போகிறவர் எல்லார் கைக்கும் எட்டும் என்று சின்னவள் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. கட்டிய புருஷனோ தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தான். சாவியை வைத்துவிட்டு வேறு வீடு பார்க்கட்டும் என்று தீர்ப்பும் வந்துவிட்டது. விசாரணை அப்புறம்தான்.

பெரியவள் நாலு வீடியோ பார்த்திருந்தாள். நிபுணராவதற்கு அது போதாதா? அசல் மணிக்கு ஜெட் என்று பெயராம். மரம் மண்ணுக்குள் புதைந்து, யுகயுகமாய் இறுகிக் கறுத்ததாம். கனக்காது, சில்லிடாது.

மாலையை மாமியார் கன்னத்தில் வைத்தாள். சில்லிட்டது. டைல்ஸ் துண்டின் சொரசொரப்பான பின்பக்கத்தில் தேய்த்தாள். அசலென்றால் பழுப்புக் கோடு விழ வேண்டும். விழவில்லை.

"போதும், விடு. பழைய பாசிமணிக்குப் போய் ஒரு பஞ்சாயத்தா?" என்றார் அவள் புருஷன்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு எப்பவுமே இளகின மனசு."

சின்னவள் விடவில்லை. "அசல் எப்படி இருக்கும்னு நீங்க எங்கக்கா பார்த்தீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல, பெரியவள் தன் கையிலிருந்த கறுப்பு மணி வளையலைக் கழற்றினாள். கல்யாண நாளுக்கு அவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது என்றாள். டைல்ஸில் ஒரு இழுப்பு. அழகாய் விழுந்தது பழுப்புக் கோடு.

அவருக்குத் திடீரென்று தாகம். தண்ணீர் குடிக்க எழுந்துபோனார்.

வளையல் கைமாறி மாமியாரிடம் வந்தது. ஒவ்வொரு மணியாய் உருட்டிக்கொண்டிருந்த கட்டைவிரல், ஒன்றில் நின்றது. அதில் சின்னதாய் ஒரு பள்ளம்.

"அதுவும் ஒரு சோதனைதான் அத்தை," என்று பெரியவள் விளக்கினாள். "அசல் கொஞ்சம் மிருதுவானது. அழுத்தினா தடம் விழும். கண்ணாடியில விழவே விழாது."

மாமியார் நிமிர்ந்தார். சமையலறை வாசலில் டம்ளரோடு நின்ற மூத்த மகனை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லாத்தான் சோதிச்சிருக்கான்மா. பல்லு முளைக்கிறப்போ, என் மடியில உட்கார்ந்து உன் புருஷன் கடிச்ச தடம் இது."